சங்கிலி அடகில், பெட்டி நண்பன் கடையில்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 36 வயது. தங்கச்சிமடத்தில் ஐஸ் பிளாண்டில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு பூசையில் பாடுவேன், கோயில் ஆர்மோனியத்தில் ஓரளவு கை ஓடும். யூடியூபில் அயர்லாந்துக்காரர்கள் கன்சர்டினா (இரண்டு கையாலும் பிடித்து, துருத்தியை இழுத்து அழுத்தி வாசிக்கிற சின்னப் பொத்தான் பெட்டி) வாசிப்பதைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பு. 35,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். ஆங்கிலோ வகை வாங்குவதா, இங்கிலீஷ் வகையா? மலிவான 20 பொத்தான் பெட்டியில் ஆரம்பிக்கலாமா? போன மீன்பிடித் தடைக்காலத்தில் அடகு வைத்த மனைவியின் சங்கிலியை இன்னும் மீட்கவில்லை. தெரிந்தால் சத்தம் போடுவாள், அதனால் பெட்டியை நண்பனின் வலைக்கடையில் வைத்துக்கொள்வேன். இந்த வயதில் கற்றுக்கொள்ள முடியுமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, வயதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. என்னை உறுத்தியது வேறு. நாலு கேள்விக்கு நடுவில், போகிற போக்கில், சங்கிலி அடகில் இருக்கிறது, பெட்டி நண்பன் கடையில் இருக்கும் என்று எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. ஒருவருக்குக் கேமரா, இன்னொருவருக்கு பைக். ஒளித்து வைக்கிற இடம் மட்டும் எப்போதும் நண்பனுடையதுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஐஸ் யாருக்கு? உங்கள் வருமானம் விழுந்த அந்த இரண்டு மாதத்தைத் தாங்கியது உங்கள் மனைவியின் கழுத்தில் கிடந்த தங்கம். அதற்குப் பிறகு வந்த கல்யாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் என்ன போட்டுக்கொண்டு போனார் என்று கவனித்தீர்களா? ஒரு பக்கம் அடகுக்கு வட்டி ஏறுகிறது. இன்னொரு பக்கம் அவருக்குத் தெரியாமல் 35,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. சத்தம் போடுவாள் என்கிறீர்கள். போடட்டும், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

குடும்பஸ்தனுக்கு ஆசையே கூடாது என்று சொல்கிறவள் இல்லை நான். பாட்டு இல்லாத வீடு எனக்கும் பிடிக்காது. ஆனால் மனைவியின் நகையை வைத்துக் குடும்பம் ஓடியிருந்தால், அது அவர் கைக்குத் திரும்புகிறவரை நீங்கள் சேர்க்கிற காசு உங்களுடையது இல்லை. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

சரி, பெட்டிக்காவது அந்தக் கடை ஆகுமா? கன்சர்டினாவுக்குள் இருப்பவை எஃகு ரீடுகள் (காற்றில் அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய நாக்குகள்), மெல்லிய தோல் வால்வுகள், மரம். ரீடில் துரு ஏறினால் சுருதி விலகும். ஈரத்தில் மரம் ஊதினால் அழுத்திய பொத்தான் மேலே வராது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம், அரிப்பு முற்றி, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தையே நிறுத்தும்படி ஆனது உங்கள் கண் முன்னால்தானே? அதே உப்புக் காற்றில், நாள் முழுக்க ஷட்டர் திறந்திருக்கிற வலைக்கடையில் அதை வைக்கப்போகிறீர்களா? அதன் இடம் வீட்டு பீரோ. துருத்தியை மூடி, வாசிக்கிற நிலையிலேயே படுக்கையாக, அதன் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொத்தான் எதையும் அழுத்தாமல் துருத்தியை இழுக்காதீர்கள். தினம் இருபது நிமிடமாவது எடுத்து வாசிக்க வேண்டும். யாருக்கும் கேட்கக் கூடாது என்று பயந்து வாசித்தால் துருத்தியை முழுதாக இழுக்கவே கை வராது.

இனி எந்த வகை என்பது. நீங்கள் பார்த்த அயர்லாந்துக்காரர்கள் கையில் பெரும்பாலும் 30 பொத்தான் சி/ஜி ஆங்கிலோதான், அதாவது சி, ஜி என்ற இரண்டு சுருதிகளை வைத்து அமைத்ததுதான், இருந்திருக்கும். அதில் ஒரே பொத்தான், துருத்தியை அழுத்தும்போது ஒரு சுரம், இழுக்கும்போது வேறு சுரம் தரும். அந்த நடன மெட்டுகளின் துள்ளலே அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் நீங்கள் வாசிக்கப்போவது பூசைப் பாட்டு. எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடுகிறீர்கள் என்று எழுதவில்லை. இரண்டரைக் கட்டை என்றால் சி/ஜி ஆங்கிலோவில் விரல் தேடுவதற்குள் பாட்டு முடிந்துவிடும். 20 பொத்தான் பெட்டி இன்னும் மோசம். ஆர்மோனியத்தில் இருக்கிற ஐந்து கறுப்புக் கட்டைகளில் நாலு அதில் கிடையவே கிடையாது. மலிவு என்று அதை வாங்காதீர்கள்.

உங்களுக்கு இங்கிலீஷ் வகைதான் சரி. சார்லஸ் வீட்ஸ்டன் 1844-ல் லண்டனில் காப்புரிமை எடுத்தது. பள்ளியில் வீட்ஸ்டன் சமனச்சுற்று படித்திருப்பீர்களே, அதே வீட்ஸ்டன். இதில் துருத்தியை அழுத்தினாலும் இழுத்தாலும் ஒரே சுரம், ஆர்மோனியத்தில் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். பன்னிரண்டு சுரமும் உண்டு, ஆகவே எந்தக் கட்டையிலும் பாடலாம். அடுத்தடுத்த சுரங்கள் இடது கை, வலது கை என்று மாறி மாறி வரும். முதலில் தலை சுற்றும், பிறகு அதுவே வேகம் தரும். ஆரம்பக்காரர்களுக்கென்றே கன்சர்டினா கனெக்‌ஷன் நிறுவனம் செய்கிற ஜாக்கி, 30 பொத்தான், போதும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்பதால் கூரியரையும் சுங்க வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். லாக்கெனல் என்ற பழைய நிறுவனத்தின் நூறு வருஷப் பெட்டி ஏலத்தில் கிடைக்கிறது என்று போகாதீர்கள். ரீடு மக்கர் செய்தால் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்?

கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்து வளைப்பதை, மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள். அந்தக் குறைக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940-லிருந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆர்மோனியத்தையே ஒதுக்கி வைத்திருந்தது. பூசைப் பாட்டுக்கு அது தடையாக இருக்காது.

இன்று இரவு பிள்ளைகள் தூங்கியதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், வலைக்கடை யோசனை உட்பட. பணத்தை அவர் கையில் கொடுத்து, இரண்டு பேருமாகப் போய்ச் சங்கிலியை மீட்டு வாருங்கள். மிச்சம் இருந்தால் அதை என்ன செய்வது என்று அவர் சொல்லட்டும். கன்சர்டினா ஆசையையும் அப்போதே சொல்லிவிடுங்கள், அடுத்த சேமிப்பு அவருக்குத் தெரிந்தே சேரட்டும். அதுவரை, பூசை முடிந்து அரை மணி நேரம் கோயில் ஆர்மோனியத்தில் உட்கார ஃபாதரிடம் அனுமதி கேளுங்கள். அதற்குள்ளும் ரீடுதான் பேசுகிறது. உங்கள் கட்டை எது என்று கண்டுபிடியுங்கள், தெரிந்த பாட்டையெல்லாம் சுரமாகப் பிரித்து எழுதிப் பழகுங்கள். அடுத்த தடைக்காலத்துக்குள் பெட்டிக்குப் பணம் சேர்ந்தால், வேலை குறைகிற அந்த 61 நாளில் வாசிக்கத் தொடங்குங்கள். சேராவிட்டால் அதற்கடுத்த தடைக்காலம்.