முக்கோணப் பார்டர் அளவுக்கு வராவிட்டால் என்ன செய்வது?

கேள்வி: குவில்ட்டின் (துண்டுத் துணிகளைக் கோத்துத் தைக்கும் போர்வை) நடுப்பகுதி முடிந்துவிட்டது. முக்கோணங்கள் கோத்த பார்டர் அரை இஞ்ச் நீளமாக வருகிறது. நடுப்பகுதியை இழுத்துப் பிடித்துத் தைத்தால் ஓரம் அலை அலையாக நிற்கிறது. எப்படிச் சரிசெய்வது?

முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். அந்தத் தையலைப் பிரித்துவிடுங்கள்.

என் முதல் குவில்ட்டில் நான் செய்தது இன்னும் மோசம். மிஞ்சிய துண்டைக் கத்தரியால் நறுக்கிவிட்டேன். பினாங்கில் ஆயர் ஈத்தாம் வீட்டில் அதை விரித்துப் போட்டதும் மாமியார் கேட்டார்: "ஏம்மா, அந்த மூலைய மட்டும் எலி கடிச்சிருக்கு?"

தப்பு கடைசித் துண்டில் இல்லை, ஒவ்வொரு தையலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. முக்கோணங்களால் ஆன 2 இஞ்ச் கட்டம் 26 கோத்தால் நடுவே 25 தையல். ஊசி 1/32 இஞ்ச் தள்ளிப் போனாலும் இரண்டு பக்கத் துணியும் சேர்ந்து தையலுக்கு 1/16. மொத்தம் ஒன்றரை இஞ்சுக்கு மேல்!

உங்களுக்கு வித்தியாசம் அரை இஞ்ச்தான். பார்டரில் தள்ளித் தள்ளி எட்டுத் தையலைத் தேர்ந்து, பழைய கோட்டுக்கு 1/32 இஞ்ச் உள்ளே, அதாவது ஓரிரு இழை தள்ளி, மறுபடி ஒரு ஓட்டு ஓட்டுங்கள். அரை இஞ்ச் காணாமல் போகும், கண்ணுக்கும் தெரியாது. ஒரே தையலில் பிடித்தால் அந்த முக்கோணம் மட்டும் மொட்டையாகிவிடும்.

அடுத்த முறை பார்டருக்கும் நடுப்பகுதிக்கும் இடையில் ஒரு வெற்றுப் பட்டை வையுங்கள். நான் இப்போது அது இல்லாமல் தைப்பதே இல்லை. 48க்கு 60 இஞ்ச் வரவேண்டிய என் நடுப்பகுதி, தையல் ஓரம் போக, 47½க்கு 59½ வந்தது (ஓரத்தில் அளக்காதீர்கள், ஓரம் இழுபடும், நடுவில் டேப்பை வைத்து அளங்கள்). பார்டர் கட்டம் 2 இஞ்ச் என்பதால் 52க்கு 64 ஆக்கினால் 26 கட்டமும் 32 கட்டமும் சரியாக உட்காரும். குறைவது 4½, பக்கத்துக்கு 2¼. தையலுக்கு அரை இஞ்ச் சேர்த்துப் பட்டையை 2¾ அகலத்தில் வெட்டினால் போதும். ஆனாலும் நான் 3¼ வெட்டி, தைத்த பிறகு 52½க்கு 64½ என்று ஓரம் சீவிவிடுவேன். இரண்டு எண்ணிக்கையும் இரட்டைப்படை என்பதால் முக்கோணங்களை நடுவில் திசை திருப்பலாம், நாலு மூலையும் ஒன்றுபோல வரும்.

அலைக்கு இன்னொரு காரணம் கிராஸ் துணி, அதாவது இழைக்குக் கோணலாக வெட்டிய துணி. முக்கோணத்தின் நீளப் பக்கம் வெளி ஓரத்தில் வந்தால், அந்தப் பக்கம் நேர் இழையில் இருக்க வேண்டும். சதுரத்தை இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்டி நாலாக்கினால் அப்படித்தான் வரும். லெபோ பாசார் பக்கம் வாங்கும் மெல்லிய பாத்திக் காட்டன் என்றால் வெட்டும் முன் கஞ்சி போடுங்கள். ஆனால் கஞ்சித் துணியை அப்படியே அலமாரியில் வைக்காதீர்கள். பினாங்கு ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். தைத்து முடித்ததும் அலசிவிடுங்கள்.

இணைக்கும்போது நடு, இரண்டு முனை, பிறகு கால் பாகங்கள் என்று குண்டூசி குத்துங்கள். பார்டர் மேலே இருக்கட்டும். பின்பக்கத்தில் தையல்கள் குறுக்கிடும் புள்ளி தெரியும். அதற்கு ஒரு இழை வெளியே, துணி ஓரத்துப் பக்கமாக, ஊசி போனால் முக்கோணத்தின் முனை மழுங்காமல் தப்பும். இஸ்திரியைத் தேய்க்காமல் அமுக்கி எடுங்கள். நீளப் பக்கம் இரண்டையும் முடித்த பிறகுதான், மூலைச் சதுரம் சேர்த்த குட்டைப் பக்கங்களைத் தைக்க வேண்டும்.