குளத்தில் தண்ணீர் எவ்வளவு? பறவை பார்ப்போர் கேள்வி – பதில்

இந்த இதழில் தாமிரபரணிப் பாசனக் குளங்கள், அணைக்கட்டுகள், திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் ஆகியவை குறித்து வந்த கேள்விகளுக்குப் பதில் தருகிறோம்.

கேள்வி: இரண்டு நாள் லீவில் குடும்பத்தோடு கூந்தன்குளம் வர நினைக்கிறோம். எந்த மாதம் வந்தால் நிறையப் பறவைகள் இருக்கும்?
– சென்னை வாசகர்

ஒரே ஒரு பயணம்தான் என்றால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிவதற்குள் வாருங்கள். அந்தச் சமயத்தில் வலசை வந்த வாத்துகள் இன்னும் கிளம்பியிருக்காது. கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். வரித்தலை வாத்தும் பெரும்பாலும் அப்போதுதான் கண்ணில் படும். அது இரவில் வயல்களில் மேய்ந்துவிட்டுப் பகலில் குளத்து நடுவே ஓய்வெடுக்கும். அதனால் காலையில் சீக்கிரம் போவது நல்லது.

ஆனால் மாதத்தை மட்டும் நம்பி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். கூந்தன்குளம் மணிமுத்தாறு அணையின் கால்வாய் நீரை நம்பிய குளம். வடகிழக்குப் பருவமழை பொய்த்து அணை நிரம்பாத வருஷத்தில் தை மாதத்திலும் குளம் பொட்டலாகக் கிடக்கலாம். கிளம்புமுன் விசாரிக்கும்போது, "பறவை வந்திருக்கா?" என்று கேட்காதீர்கள், எப்போதும் "வந்திருக்கு" என்றுதான் பதில் வரும். "தண்ணி எவ்வளவு கெடக்கு? மறுகால் பாயுதா, பாதிக் குளமா, மடைப் பள்ளத்துல மட்டும் நிக்குதா?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்தே எந்தப் பறவை இருக்கும் என்று பாதிக்குமேல் சொல்லிவிடலாம்.

மறுகால் பாயும் (மிச்ச நீர் வழிந்தோடும்) அளவுக்கு நிறைந்த குளத்தில் முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், பாம்புத்தாரா, மேலே வட்டமிடும் மீசை ஆலா இவைதான் அதிகம். கரையோரச் சேறு மூழ்கிவிடுவதால் உள்ளான்களுக்கு நிற்க இடம் இராது. அவை பிசானப் பருவ நெல் நடவுக்காகத் தொளி அடித்த (சேறாக உழுத) வயல்களில் இருக்கும். தண்ணீர் பாதியாக இறங்கும்போது வாத்துகள் பெருகும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை முங்காமல், தலையை மட்டும் நீருக்குள் விட்டு மேய்பவை. முழங்கால் ஆழத்துக்கு மேல் போனால் அவற்றின் கழுத்துக்கு எட்டாது. இன்னும் வற்றி, குளத்தின் உள்வாயில் (நீர் தேங்கும் உட்பகுதியில்) ஈரச் சேறும் சாண் ஆழத் தண்ணீரும் மட்டும் இருக்கும் நாட்களே உச்சம். சிக்கிய மீனுக்காக நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா எல்லாம் ஒரே இடத்தில் கூடும். இந்த நிலை ஒரு குளத்தில் சில நாட்கள்தான் நீடிக்கும். பிறகு கூட்டம் அடுத்த குளத்துக்கு நகர்ந்துவிடும்.

இரண்டாம் நாளை அதே இடத்தில் செலவிட வேண்டாம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும், அதன் கால்வாய்களில் நீர் பெறும் குளங்களும், அதற்கப்பால் தூத்துக்குடி உப்பளங்களும் முற்றிலும் வேறு வகைப் பறவைகளைக் காட்டும்.

கேள்வி: குளத்தின் எந்தப் பக்கம் நின்று பார்ப்பது? எப்போது போனாலும் பறவைகள் கருநிழலாகத்தான் தெரிகின்றன.
– நாங்குநேரி வாசகி

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் பக்கத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருக்கும். எனவே காலையில் கரைமேல் நின்று மேற்கே பார்ப்பது சரி. மாலையில் அதே கரையில் நின்றால் கண் கூசும். உள்வாய்ப் பக்கமாகச் சுற்றிப் போய்விடுங்கள். காலை ஒன்பதரைக்கு மேல் கானல் அலையத் தொடங்கிவிடும். அப்போது தூரத்துப் பறவையின் ஓரங்கள் நெளியும். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தெளியாது. அந்நேரத்தில் கரைப் பனைகளிலும் வேலிகளிலும் இருப்பதைப் பாருங்கள்.

கரையில் நிமிர்ந்து நிற்பவரின் உருவம் வானப் பின்னணியில் வெகுதூரத்துக்குத் தெரியும். கரையின் உட்சரிவில் நாலடி இறங்கி உட்கார்ந்தால் பறவைகள் பத்து நிமிடத்தில் உங்களை மறந்துவிடும்.

கேள்வி: வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்குகள் எல்லாம் ஒன்றா? அலகு மஞ்சள் என்றால் ஒன்று, கறுப்பு என்றால் இன்னொன்று என்று படித்தேன். ஆனால் ஒத்து வரவில்லை.
– சேரன்மகாதேவி வாசகர்

ஒத்து வராததற்குக் காரணம், அலகின் நிறம் பருவத்துக்குப் பருவம் மாறுவது. பெரிய கொக்கு, நடுத்தரக் கொக்கு இரண்டுக்கும் சாதாரண நாட்களில் அலகு மஞ்சள். இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். மாறும் நிலையில் பாதி மஞ்சளும் பாதி கறுப்புமாகக்கூட இருக்கும். நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாதம். கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. சேற்றுக்குள் நிற்கும்போது பாதம் தெரியாது. காலைத் தூக்கும்வரை அல்லது பறக்கும்வரை பொறுங்கள். அதன் அலகு மெலிந்து, ஆண்டு முழுவதும் கறுப்பாகவே இருக்கும்.

அடுத்து வாய்ப்பிளவு. அலகின் பிளவுக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடினால் பெரிய கொக்கு. கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. இதற்குப் பறவை பக்கவாட்டில் நிற்க வேண்டும். தூரமாக இருந்தால் கழுத்தைப் பாருங்கள்: பெரிய கொக்கின் கழுத்து உடலைவிட நீளமாக, நடுவில் முறிந்தாற்போல் கூர்மையாக மடங்கியிருக்கும். தனியாக நிற்கும்போது உயரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் சாம்பல் நாரையோ மடையானோ நின்றால் ஒப்பிடலாம்.

நான்காவது உண்ணிக்கொக்கு. குட்டையான மஞ்சள் அலகு, அதன் அடியில் தாடை உப்பினாற்போல் தோற்றம், குறுகிய கழுத்து. மாட்டின் பின்னாலும் டிராக்டரின் பின்னாலும் அலைவது பெரும்பாலும் இதுதான். கோடையில் தலை, கழுத்து, முதுகில் ஆரஞ்சு கலந்த பழுப்பு ஏறும். அப்போது யாருக்கும் குழப்பம் வராது. ஆனால் உழவின்போது நான்கும் கலந்தே இறங்கும் என்பதால், டிராக்டர் பின்னால் நிற்பதையெல்லாம் உண்ணிக்கொக்கு என்று எழுதிவிட வேண்டாம்.

கேள்வி: அக்டோபரில் கண்ட வாத்துகள் எல்லாம் பழுப்பு நிறம். படத்தில் உள்ள ஆண் வாத்து ஒன்றுகூட இல்லையே?
– கோவில்பட்டி வாசகர்

இருந்திருக்கும். இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் இறகு உதிர்த்து, சில மாதங்கள் பெட்டையைப் போன்ற மங்கல் நிறத்தில் இருக்கும். அந்தக் கோலத்திலேயே இங்கு வந்து சேர்வதால், டிசம்பர், ஜனவரியில்தான் பளிச்சென்ற நிறம் முழுமையாகத் தெரியும். அதுவரை வடிவத்தை நம்புங்கள். கழுத்து நீண்டு, வால் கூராக, அலகு சாம்பலாக இருந்தால் ஊசிவால் வாத்து. தலைக்குப் பொருந்தாத அகன்ற கரண்டி அலகு என்றால் தட்டைவாயன். உருவம் சிறிதாக, முகத்தில் கறுப்பும் வெளிறலுமாகக் கோடுகள் ஓடினால் நீலச்சிறகி. அதில் ஆண் பறக்கும்போது முன்சிறகின் சாம்பல்நீலம் இந்த மங்கல் பருவத்திலும் தெரியும். அலகு நுனியில் மஞ்சள் இருந்தால் அது வலசைப் பறவையே இல்லை, நம்மூர்ப் புள்ளிமூக்கு வாத்து.

கேள்வி: வெளிநாட்டுப் பறவைகள் கூந்தன்குளத்துக்கு வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதாகச் செய்தி வந்தது. எந்த நாட்டிலிருந்து வருகின்றன?
– பாளையங்கோட்டை மாணவி

ஆண்டுதோறும் வரும் செய்தி, ஆண்டுதோறும் அதே பிழை. அங்கே மரத்தில் கூடு கட்டும் கூழைக்கடா, சங்குவளை நாரை, கொக்கு, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் எல்லாம் இந்த நாட்டுப் பறவைகள். மழைக்கும் தண்ணீருக்கும் ஏற்ப ஊர் மாறுகின்றனவே தவிர, கடல் கடந்து வருவதில்லை. மறுபக்கம், மத்திய ஆசிய மேட்டுநிலங்களிலிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து இங்கே கூடு கட்டுவதே இல்லை; பனிக்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடும். ஊசிவால் வாத்தும் பொரி உள்ளானும் அப்படித்தான். கூட்டில் குஞ்சு இருந்தால் நம்மூர்ப் பறவை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் குளங்களில் அது தவறாது.

கேள்வி: 20x50 பைனாகுலர் வாங்கினேன். படம் ஆடுகிறது, சில சமயம் இரண்டாகத் தெரிகிறது. கோளாறா?
– தென்காசி வாசகர்

ஆட்டம் கோளாறு இல்லை. 20 மடங்கு பெரிதாக்கினால் உங்கள் கைநடுக்கமும் 20 மடங்காகும். வெளிச்சமும் குறையும்: முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். உங்களுடையதில் 50 ÷ 20 = 2.5 மி.மீ. 8x42 என்றால் 5.25 மி.மீ. விடிகாலையிலும் அந்தியிலும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 8x42 பார்வைப் பரப்பும் அகலமானது; பறக்கும் பறவையைப் பிடிப்பது சுலபம். கையில் உள்ளதை விற்க மனமில்லை என்றால் டிரைபாடில் பூட்டிப் பயன்படுத்துங்கள்.

இரண்டாகத் தெரிவதற்கு முதலில் இதைச் செய்து பாருங்கள். இரு குழல்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் கண்பக்க ரப்பர் வளையத்தை உள்ளே மடக்குங்கள்; இல்லாவிட்டால் வெளியே இழுத்துவிடுங்கள். நாற்பது அடி தூரத்தில் எழுத்துள்ள பலகை ஒன்றைக் குறிவையுங்கள். வலது முன் லென்ஸை உள்ளங்கையால் மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது லென்ஸை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பக்க வளையத்தை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். வேறு யாராவது வாங்கிப் பார்த்தால் முதலில் நகர்வது அந்த வளையம்தான். இனி நடுச் சக்கரம் மட்டும் போதும்.

இதற்குப் பிறகும் மின்கம்பி போன்ற ஒற்றைக் கோடு மேலும் கீழுமாக இரண்டாகத் தெரிந்தால் உள்ளே ப்ரிஸம் நகர்ந்திருக்கிறது. வீட்டில் திருகாணியைத் தொடாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். அதோடு பார்த்துப் பழகினால் தலைவலிதான் மிஞ்சும். மழைக்காலத்தில் ஈரத்தோடு பையில் மூடி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: கரையோரத்துச் சின்ன உள்ளான்களை எப்படிப் பிரிப்பது?
– திருச்செந்தூர் வாசகி

இரண்டிலிருந்து தொடங்குங்கள். கரைக்கல்லில் தனியாக நின்று பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டுவது சாதாரண உள்ளான். மார்பின் வெள்ளை, தோளுக்கு முன்னால் ஆப்பு போல மேலேறும். எழும்பினால் சிறகை விறைப்பாக, கீழ்மட்டத்திலேயே துடித்து நீரை ஒட்டிப் பறக்கும். சிறகில் வெள்ளைக் கோடு தெரியும். சேற்று வயலில் பலவாக மேய்வது பொரி உள்ளான்: முதுகில் வெள்ளைப் பொரி தெளித்தாற்போலப் புள்ளிகள், கண்மேல் நீண்ட வெளிறிய புருவம், மஞ்சள் சாயல் கால், பறக்கும்போது வாலடியில் வெள்ளைத் திட்டு. இந்த இரண்டும் கைவந்த பிறகு கொசு உள்ளானுக்குப் போகலாம்.

கேள்வி: ஜனவரிக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளப் போகிறேன். ஆயிரக்கணக்கில் நிற்கும் கூட்டத்தை எப்படி எண்ணுவது?
– அம்பாசமுத்திரம் கல்லூரி மாணவர்

முதலில் பத்துப் பறவைகளை ஒன்றொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து அடைத்துக்கொள்ளும் அகலத்தை மனதில் பிடித்து, கூட்டத்தின் குறுக்கே பத்துப் பத்தாக நகருங்கள். கூட்டம் பெரிதென்றால் ஐம்பது, நூறு என்று அளவை மாற்றலாம். கூட்டம் எல்லா இடத்திலும் ஒரே நெருக்கத்தில் இராது. நெருக்கமான நடுப்பகுதிக்குத் தனியாகவும், சிதறிய ஓரத்துக்குத் தனியாகவும் அளவு எடுங்கள். இதைச் செய்யாதவர்கள் பெரும்பாலும் குறைத்தே எண்ணுகிறார்கள். முடிந்ததும் எதிர்த்திசையிலிருந்து மறுபடி எண்ணுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் மூன்றாம் முறை.

பல வகை வாத்துகள் கலந்திருந்தால் மொத்தத்தை முதலில் எண்ணி, பிறகு மூன்று வெவ்வேறு இடங்களில் நூறு நூறாக எடுத்து எந்த வகை எத்தனை என்று பார்த்துப் பங்கு பிரியுங்கள். ஓரத்தில் மட்டும் பார்த்தால் விகிதம் தவறும்; சில வகைகள் நடுவிலேயே ஒதுங்கும். முக்குளிப்பான் நீருக்குள் போய் வேறிடத்தில் எழும்பும் என்பதால் ஒரே பகுதியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்து, ஒரே நேரத்தில் தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையை எழுதுங்கள். எண்ணுவதற்காகக் கைதட்டிக் கிளப்பிவிடக் கூடாது. கிளம்பிய கூட்டம் அடுத்த குளத்தில் இறங்கும், அங்கே நிற்கும் குழு அதையே மறுபடி எண்ணும்.

ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதியும்போது எண்ணிக்கைக்குப் பதில் எக்ஸ் போடும் வசதி உண்டு. அதைவிட "சுமார் 400" என்று கணித்த 400 பயன்படும்.

கேள்வி: ஜூனில் குளங்கள் வறண்டுவிடுகின்றன. அப்போது எதைப் பார்ப்பது?
– களக்காடு வாசகர்

ஆற்றைப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை பொதிகையில் பெய்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் தாமிரபரணியில் நீரோட்டம் இருக்கும். மீன்கொத்தி, ஆற்று ஆலா, நீர்க்காகம் அணைக்கட்டுகளை ஒட்டி நிற்கும். மாலையில் திருப்புடைமருதூர் போனால் ஆற்றோர மருத மரங்களுக்குக் கொக்குகள் அடையத் திரும்புவதைக் காணலாம். நாட்டிலேயே முதன்முதலாக, 2005ல், கன்சர்வேஷன் ரிசர்வ் (சட்டப்படி பாதுகாக்கப்படும் இயற்கைப் பகுதி) தகுதி பெற்ற இடம் அது.

வறண்ட குளத்திலும் வேலை உண்டு. ஆள்காட்டிகள் வெறுந்தரையில், பெரும்பாலும் நான்கு முட்டைகள், கற்களோடு கற்களாகத் தெரியும்படி இடும். தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தினால் கூட்டை நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். தேடிப் படமெடுக்க நிற்காமல் வந்த தடத்திலேயே திரும்புங்கள். வெயிலில் தாய் விலகியிருக்கும் சில நிமிடங்களே முட்டை வெந்துபோகப் போதும்.