மறு: ஆகஸ்ட் முழுக்கத் தேடியும் சளிப்பூஞ்சை கிடைக்கவில்லை

வணக்கம் தம்பி. சளிப்பூஞ்சை, அதாவது முதலில் கூழாக நகர்ந்து பிறகு குட்டிக் கூடுகளாக மாறும் உயிரி, தேடி மியான்மரின் மோல்மீனில் ஒரு மாதம் அலைந்தும் மஞ்சள் நுரை மாதிரி ஒரே ஒரு வகைதான் கண்ணில் பட்டது, கல்லூரி ப்ராஜெக்டுக்கு அது போதாது என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் தளர வேண்டாம். அங்கே ஆகஸ்டில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அதன் விதை போன்ற துகள்களைச் சுமக்கும், கடுகளவுகூட இல்லாத வித்துக்கூடுகள் அந்த மழையில் கரைந்துபோகும். நீங்கள் பார்த்தது அநேகமாக ஃபுலிகோ செப்டிகா.

வெப்பமண்டலத்தில் விழுந்த மரத்தை மட்டும் நம்பாதீர்கள். சருகிலும், செடியிலேயே காய்ந்து தொங்கும் இலையிலும் நிறைய வகை உண்டு. மழை விட்டபின் டிசம்பரில் வாழைச்சருகு, தென்னம்பாளை, ரப்பர் மரப்பட்டை எல்லாம் தனித்தனிக் காகிதப் பையில் எடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், புழுங்கிப் பூசணம் பிடிக்கும். அவற்றில் சளிப்பூஞ்சை வளர, மூடியுள்ள தட்டை டப்பாவில் டிஷ்யூ விரித்து, சருகைப் பரப்பி, முங்கத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் வடித்துவிடுங்கள். வெயில் படாமல் வைத்து, இரண்டு மூன்று மாதம் லென்ஸால் பார்த்து வாருங்கள்.

மெல்லிய காம்பில் சாம்பல் நிற உருளை நின்றால் அர்சிரியா சினேரியா. சருகில் சுண்ணாம்பு ஓடு போல வெள்ளையாகப் படர்ந்தால் டைடெர்மாவாக இருக்கலாம். உளுத்த மரத்தில் பொன்வலை பின்னியதுபோல் ஹெமிட்ரிக்கியா செர்புலா கிடைத்தால், அடடா, அன்றைக்கு உங்களுக்குத் தூக்கமே வராது!

கூழாக நகரும்போது பெயர் வைக்காதீர்கள், வித்துக்கூடு முற்றட்டும். காய்ந்ததும் சருகுத் துண்டோடு தீப்பெட்டிக்குள் ஒட்டி, இடம், தேதி, செடியின் பெயர் எழுதுங்கள். ஒன்றும் வராத டப்பாவையும் கணக்கில் சேருங்கள்.