இசைமேசை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டு அறையிலேயே பதிவு செய்து தானே வெளியிடும் கலைஞரின் ஆல்பத்தை, பெரிய ஸ்டூடியோ ஆல்பத்தோடு ஒரே தராசில் நிறுக்கலாமா? பாவமாக இருக்கிறதே!

பதில்: பாவம் பார்த்து எழுதிய விமர்சனத்தைப் படித்தால் அந்தக் கலைஞருக்கே கோபம் வரும். தராசு ஒன்றுதான், எதை நிறுக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். பாடகி மூச்சிழுப்பது கேட்கிறது, பின்னால் மின்விசிறி இரைகிறது என்பதெல்லாம் குறையே அல்ல. பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் மட்டும் திமிறிக்கொண்டு வருகிறது, அடுத்த சுரம் காணாமல் போகிறது என்றால் அது பெரும்பாலும் சிறிய அறை செய்யும் வேலை. ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். மெட்டில் சரக்கில்லாமல் குரலை எதிரொலியில் ஊறப்போட்டு மறைத்திருந்தால் மட்டும் விடாதீர்கள். அதற்கும் பணத்துக்கும் சம்பந்தமில்லை.

இங்கிலாந்தின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் கடன் வாங்கித் தானே வெளியிட்ட ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ இசைத்தட்டைப் பாருங்கள். எந்தப் பாட்டு எத்தனையாவது டேக் (அதாவது எத்தனையாவது முறை வாசித்துப் பதிந்தது), மேலே எதையாவது சேர்த்துப் பதிந்தார்களா என்பதைக்கூட உறையில் அச்சிட்டிருந்தார்கள். மொத்தம் நான்கே பாட்டு. அதில் சலிப்பைப் பற்றிய பாட்டு ஒன்று. அதன் கிட்டார் சோலோவில் இரண்டே சுரங்கள், அவற்றையே திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். சலிப்பைப் பாட வேறென்ன வேண்டும்? அந்த இடத்தில் ‘வாசிப்பில் முதிர்ச்சி போதாது’ என்று எழுதுகிற ஆளுக்குக் காது இருக்கிறதா என்றே சந்தேகப்படுவேன்.

கேள்வி: மதிப்பெண் போடுவது அவசியமா?

பதில்: ஆசிரியர் வற்புறுத்தினால் போடுங்கள். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969 முதல் ஆல்பத்துக்கு ஒரே பத்தியில் விமர்சனம் எழுதி, பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல் எழுத்தில் தரம் போட்டார். பத்தியில் விஷயம் இருந்ததால் தரத்தை மன்னித்துவிடலாம். பிட்ச்ஃபோர்க் இசை இதழோ பத்துக்கு இத்தனை என்று போடுவதில் தசமப் புள்ளிக்கே போய்விட்டது. 7.2க்கும் 7.3க்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது எனக்கு விளக்கினால் நல்லது.

கேள்வி: என் ஆல்பத்துக்கு ‘சத்தம் போதவில்லை’ என்று ஒருவர் எழுதிவிட்டார். மறுபடி மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்யட்டுமா?

பதில்: வேண்டாம், அவரை வால்யூமைக் கூட்டச் சொல்லுங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பாட்டுகளின் சத்தத்தைத் தாமாகவே ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவருகின்றன. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அளவு -14 லஃப்ஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). நசுக்கி நசுக்கிச் சத்தம் ஏற்றிய பாட்டை அது இறக்கிவிடும். நசுங்கிய டிரம் மட்டும் நசுங்கியபடியே கிடக்கும்.

கேள்வி: நண்பனின் முதல் ஆல்பத்துக்கு நானே விமர்சனம் எழுதலாமா?

பதில்: கூடாது. பேட்டி எடுங்கள், நட்பையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கலைஞர்கள் அனுப்பும் அறிமுகக் குறிப்பு எந்த அளவுக்கு உதவும்?

பதில்: யார் என்ன வாசித்தார், எங்கே பதிவானது என்பதற்கு உதவும். ‘எல்லைகளை உடைக்கும் இசை’ என்று ஆரம்பித்தால் மூடிவைத்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள்.

கேள்வி: மோசமான முதல் ஆல்பத்தைத் திட்டி எழுதலாமா?

பதில்: யாருமே கேட்காத ஆல்பத்தைத் தேடிப்பிடித்து உதைப்பதில் என்ன வீரம்? அந்த இடத்தை வேறொரு நல்ல ஆல்பத்துக்குக் கொடுங்கள். எல்லோரும் கூடி அந்த மோசமான ஆல்பத்தைத் தூக்கிக் கொண்டாடினால் தாராளமாக எழுதுங்கள். எந்தப் பாட்டில், எத்தனையாவது நிமிடத்தில் சறுக்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், படிப்பவர் போட்டுக் கேட்டுப் பார்த்துக்கொள்வார்.