கல்லூரி சீட்டுக்காக நிலத்தை அடகு வைக்காதீர்கள். மகள் இந்தோனேசிய மொழி படிக்கட்டும்

ஐயா, கம்ப்யூட்டர் சயின்ஸில் மகளைச் சேர்க்க, நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்காக நிலத்தை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் வைக்கக் கூடாது. அவளுக்குப் பிடித்தது வெளியுறவு. "யுபிஎஸ்சி பாஸ் பண்ணலன்னா அதுல சோறு கிடையாது" என்று அவள் பெரியப்பா சொல்வது தவறு. அந்தத் தேர்வைப் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் வேறொரு வழியைச் சொல்கிறேன்: இந்தோனேசிய மொழி.

1990-களின் தொடக்கத்தில் நரசிம்ம ராவ் அரசு, தென்கிழக்கு ஆசிய நாடுகளுடன் உறவை வளர்க்கும் கிழக்கு நோக்கிய கொள்கையைத் தொடங்கியது. 2014-இல் அது 'ஆக்ட் ஈஸ்ட்' ஆனது. 2010-இல் ஆசியான் என்ற கூட்டமைப்பில் உள்ள, இந்தோனேசியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய நாடுகளுடனான சரக்கு வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. தலைவர்கள் கையெழுத்திட்டுப் போன பிறகு அந்த உறவை அன்றாடம் நடத்துபவர்கள் கொள்முதல் அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் மொழிபெயர்ப்பாளர்களும்தான். இந்தியா இறக்குமதி செய்யும் நிலக்கரியிலும் பாமாயிலிலும் பெரும்பங்கு இந்தோனேசியாவுடையது. ஆனால் அந்நாட்டு மொழி தெரிந்தவர்கள் இங்கே மிகக் குறைவு.

ஆங்கிலம் போதாதா என்பீர்கள். போதாது. அந்நாட்டு நிறுவனம் ஒரு தரப்பாக இருக்கும் ஒப்பந்தத்தில் இந்தோனேசிய மொழியைப் பயன்படுத்த வேண்டும் என்பது இந்தோனேசியாவின் 2009-ஆம் ஆண்டு 24-ஆம் எண் சட்டம். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய ஒரு கடன் ஒப்பந்தம் செல்லாது என்று 2013-இல் மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இரு மொழிப் பிரதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது.

மொழியும் எளிதுதான். ரோமன் எழுத்து. தாய், சீன மொழிகளைப் போல தொனி மாறினால் பொருள் மாறாது. காலத்துக்கேற்ப வினைச்சொல்லும் மாறாது. மலாய்க்கு மிக நெருக்கம் என்பதால் மலேசியாவிலும் கைகொடுக்கும்.

அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரமோ பி.காமோ சேருங்கள். வெறும் மொழிச் சான்றிதழை நம்பி யாரும் வேலை தர மாட்டார்கள். பட்டம் முடிந்ததும் மேலே படிக்க சென்னைப் பல்கலைக்கழகத்தின் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையத்தில் விசாரியுங்கள். டெல்லிக்குப் போக முடிந்தால் ஜேஎன்யு எனப்படும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும், பாதுகாப்பு அமைச்சகத்தின் அயல்மொழிப் பள்ளியும் பஹாசா இந்தோனேசியா, அதாவது இந்தோனேசிய மொழி, கற்பிக்கின்றன. இந்தோனேசிய அரசின் தர்மசிஸ்வா உதவித்தொகையில் அங்கேயே போய் மொழி படிக்கலாம். பட்டம் கிடைக்காது, மாதப் படி கிடைக்கும், விமானக் கட்டணம் நம்முடையது.

'இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்' என்று பெயர் வைத்து லட்சங்கள் கேட்கும் தனியார் படிப்பும் வேண்டாம். இணையத்தில் இலவசப் பாடங்கள் உள்ளன. முதலில் மூன்று மாதம் வீட்டிலேயே படித்துப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் விருப்பம் இருந்தால் பெரியப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும், அவளைப் பேச விடாதீர்கள். இல்லை, கம்ப்யூட்டர்தான் என்று அவளே சொன்னால், அரசு கவுன்சிலிங்கில் கிடைக்கும் இடத்தில் சேருங்கள். அப்போதும் நிலப் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரக் கூடாது.