டர்பன் செல்வோருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், இந்தியப் பெருங்கடலை நோக்கி அமைந்த துறைமுக நகரமான டர்பனைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் மகள் ஜோகன்னஸ்பர்க்கில் பணிபுரிகிறாள். ஜூன் மாதம் அவளிடம் செல்லும்போது நான்கு நாள் டர்பனில் தங்க எண்ணியிருக்கிறோம். கேட்டவர்கள் எல்லோரும் கடற்கரையைப் பற்றியே சொல்கிறார்கள். எனக்கும் என் கணவருக்கும் அந்த ஊரின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள விருப்பம். எங்கிருந்து தொடங்கலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: கடற்கரையிலிருந்தே தொடங்குங்கள். டர்பனில் கடற்கரையும் வரலாறும் வேறு வேறல்ல. தெற்கே துறைமுக வாயிலுக்கு அருகே தொடங்கி வடக்கே உம்கேனி ஆற்றின் முகத்துவாரம் வரை கடலோரமாகவே நீளும் நடைபாதையில் காலை வேளையில் நடந்து பாருங்கள். அம்மண்ணின் ஆப்பிரிக்க மக்களான சுலு குடும்பங்களும், நம்மவர் வழிவந்தவர்களும், வெள்ளையரும் ஒரே மணலில் அமர்ந்திருப்பதையும், பிள்ளைகள் கலந்து விளையாடுவதையும் காண்பீர்கள். வெளியூரிலிருந்து வருபவருக்கு இது சாதாரணக் காட்சி. ஆனால் அங்கே ஐம்பது வயதைக் கடந்த எவருக்கும் இது சாதாரணமல்ல.

நிறவெறி ஆட்சியில், 1953-ஆம் ஆண்டின் தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம் பூங்கா, பேருந்து, கழிப்பறை தொடங்கிக் கடற்கரை வரை அனைத்தையும் இனவாரியாகப் பிரிக்க வழிசெய்தது. டர்பன் கடற்கரையில் நட்டிருந்த ஒரு பலகை புகைப்படங்கள் வழியே உலகெங்கும் அறியப்பட்டது. நகரக் கடற்கரைத் துணைவிதிகளின் 37-ஆம் பிரிவின்படி, இக்குளியல் பகுதி வெள்ளை இனத்தவர் மட்டுமே பயன்படுத்த ஒதுக்கப்பட்டுள்ளது என்று அதில் ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், சுலு ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது. தடுக்கப்பட்டவர்களுடைய மொழியிலேயே அந்தத் தடையை எழுதி, அவர்கள் பிறந்த மண்ணிலேயே நட்டுவைத்த கொடுமையை எத்தனை முறை நினைத்தாலும் மனம் ஆறுவதில்லை. இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் வெவ்வேறு பகுதிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. நகரின் நடுவே இருந்த, வசதிகள் மிகுந்த பகுதி வெள்ளையருக்கானது. 1989 நவம்பரில்தான் நாட்டின் கடற்கரைகள் அனைத்தும் எல்லோருக்கும் திறக்கப்படும் என்று அதிபர் டி கிளார்க் அறிவித்தார். மறு ஆண்டு அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

கடற்கரையை அடுத்து குவாமுஹ்லே அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். ஆப்பிரிக்கத் தொழிலாளர்களை நகராட்சி கட்டுப்படுத்தி வைத்திருந்த அலுவலகமே இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. வேலை தேடி நகருக்குள் வந்தவர்கள் அனுமதிச் சீட்டுக்காக வரிசையில் நின்றது இங்கேதான். 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு, ஆப்பிரிக்கர் பருகும் சோள மதுவைக் காய்ச்சி விற்கும் உரிமையை நகராட்சி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. வீட்டில் காய்ச்சி விற்றுப் பிழைத்த பெண்கள் குற்றவாளிகள் ஆனார்கள். மதுக்கடையில் கிடைத்த லாபத்திலிருந்தே தொழிலாளர் கொட்டடிகளுக்கும் அவர்களைக் கண்காணிக்கும் நிர்வாகத்துக்கும் செலவிடப்பட்டது. ஒரு மனிதனை அடக்கிவைக்கும் செலவை அவன் கூலியிலிருந்தே வசூலித்த இந்த ஏற்பாடு ‘டர்பன் முறை’ என்ற பெயரில் மற்ற ஊர்களுக்கும் பரவியது. 1959-இல் கேட்டோ மேனர் பகுதிப் பெண்கள் நகராட்சி மதுக்கூடங்களுக்குள் புகுந்து போராடியதன் பின்னே அரை நூற்றாண்டுக் கோபம் இருந்தது.

மூன்றாவதாக வார்விக் சந்திப்பிலுள்ள அதிகாலைச் சந்தை. டர்பனைச் சுற்றித் தோட்டம் போட்ட இந்தியக் குடியானவர்கள் காய்கறி விற்ற சந்தை இது; இப்போதுள்ள இடத்துக்கு 1934-இல் வந்தது. கறிவேப்பிலைக் கட்டு, பச்சை மிளகாய்க் குவியல், முருங்கைக்காய் என்று நம்மூர்க் காய்க்கடைப் பொருள்களுக்கு அருகிலேயே ஆப்பிரிக்க மூலிகை வேர்களும் பட்டைகளும் விற்பனைக்கு இருக்கும். 2009-இல் இதை அகற்றிவிட்டு வணிக வளாகம் கட்டத் திட்டமிட்டபோது இந்திய, ஆப்பிரிக்க வியாபாரிகள் ஒன்றாக நின்று தடுத்தார்கள். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். கைப்பையையும் கைப்பேசியையும் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்; இருட்டிய பிறகு நகர மையத்தில் நடந்து திரிய வேண்டாம்.

கேள்வி: ஜூன் மாதம் அங்கே குளிர்காலம் என்கிறார்களே, கடலில் குளிக்க முடியுமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகக் குளிக்கலாம். வடக்கிலிருந்து வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவரும் அகுலாஸ் நீரோட்டம் அக்கரையை ஒட்டியே ஓடுவதால், அங்கே குளிர்காலம் என்பது மழை குறைந்த, பகலில் இதமான வெயில் அடிக்கும் பருவமே. டிசம்பர், ஜனவரியில்தான் புழுக்கமும் மழையும் கூட்டமும் அதிகம். சுறாக்களிடமிருந்து காக்க 1952 முதல் கடலில் வலை கட்டியிருக்கிறார்கள். காவலர்கள் கொடி நட்டிருக்கும் பகுதிக்குள் மட்டும் குளியுங்கள். ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டங்கள் கரையோரமாக வருவதுண்டு. அப்படி வரும் நாளில் கரைவலை இழுப்பதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தமிழர்கள் அங்கே கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனதாகப் படித்திருக்கிறேன். உள்ளூரில் ஆள் இருக்கும்போது இவ்வளவு தொலைவிலிருந்து எதற்காக அழைத்துச் சென்றார்கள்? அவர்கள் நிலை எப்படி இருந்தது?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: உள்ளூரில் ஆள் இருந்தார்கள்; ஆனால் அவர்களுக்கு நிலமும் மாடும் இருந்தன. சொந்தக் காட்டையும் மந்தையையும் விட்டுவிட்டு ஆண்டு முழுவதும் அடுத்தவர் தோட்டத்தில் கரும்பு வெட்ட வேண்டிய கட்டாயம் அன்றைய சுலு மக்களுக்கு இல்லை. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிந்த பின் மொரீஷியஸ் தோட்டங்கள் இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டே நடந்ததைக் கண்ட, டர்பனை உள்ளடக்கிய பிரிட்டிஷ் குடியேற்றமான நேட்டாலின் முதலாளிகள் தங்களுக்கும் அதே வழியைக் கேட்டார்கள். ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து பெல்விடேர் வந்து சேர்ந்தது. 1911-இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்படும் வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். தமிழரோடு தெலுங்கரும் அவர்களுள் பெருந்தொகையாக இருந்தனர்.

முதலில் சென்றவர்களுக்கு ஒப்பந்தப்படி மாதம் 10 ஷில்லிங் கூலி. ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. அத்துடன் தானியமும் தங்க இடமும். காகிதத்தில் இருந்தது இவ்வளவு. தோட்டத்தில் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிப்பது, நோயுற்றவரையும் வேலைக்கு விரட்டுவது, சாட்டையடி ஆகியவை பற்றி 1871-இல் சென்னைக்குத் திரும்பியவர்கள் முறையிட்டார்கள். இந்திய அரசு ஆள் அனுப்ப மறுத்ததால் நேட்டால் அரசு விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. சில சீர்திருத்தங்களுக்குப் பின் 1874-இல் கப்பல்கள் மீண்டும் ஓடின.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்பாமல் காய்கறி பயிரிட்டும் மீன் பிடித்தும் கடை வைத்தும் நிலைகொள்ளத் தொடங்கியபோது, அவர்களை வெளியேற்றவோ மீண்டும் தோட்டத்துக்குள் தள்ளவோ 1895-இல் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி விதிக்கும் சட்டம் வந்தது. இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக, மாதம் 10 ஷில்லிங் பெறும் ஆளுக்கு இந்த வரி ஆறு மாதக் கூலி. பின்னர் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அது விதிக்கப்பட்டது என்றால் ஒரு குடும்பத்தின் நிலையை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 1913-இல் நிலக்கரிச் சுரங்கங்களில் மூண்டு கரும்புத் தோட்டங்களுக்கும் பரவிய பெரும் வேலைநிறுத்தம் இந்த வரியை எதிர்த்துத்தான் நடந்தது. மவுன்ட் எட்ஜ்கோம்ப் தோட்டத்தில் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு வரி நீக்கப்பட்டது. இப்போராட்டத்தைச் சொல்லும்போது நாம் காந்தியடிகளின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். வேலையையும் உணவையும் ஒரே நாளில் இழக்கத் துணிந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களே அதை வெற்றிபெறச் செய்தவர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: காந்தியடிகளோடு தொடர்புடைய இடங்களை ஒரே நாளில் பார்த்துவிடலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: டர்பனை ஒட்டியவற்றைப் பார்க்கலாம். அவர் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையம் சுமார் 80 கி.மீ. தொலைவில் உள்ளதால் அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். நகருக்கு வடக்கே இனாண்டா பகுதியில் அவர் 1904-இல் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு இருக்கிறது. ஆங்கிலம், குஜராத்தி ஆகியவற்றோடு தொடக்கத்தில் தமிழிலும் இந்தியிலும் வெளிவந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழின் அச்சகம் இங்கேதான் செயல்பட்டது. 1985 கலவரத்தில் எரிந்த குடியிருப்பு, பின்னர் மீட்டமைக்கப்பட்டு 2000-இல் திறக்கப்பட்டது.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஒலாங்கே பள்ளி இருக்கிறது. அதைப் பார்க்காமல் திரும்பினால் பயணத்தில் பாதி குறைந்துவிடும். பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் என்று பெயர் பெற்ற அமைப்பின் முதல் தலைவரான ஜான் டூபே நிறுவிய பள்ளி அது. காந்தியடிகளும் டூபேயும் ஒரே காலத்தில், நடந்து போகும் தொலைவில், ஆளுக்கொரு அச்சகமும் செய்தித்தாளும் நடத்தினார்கள். 1994 ஏப்ரல் 27 அன்று நெல்சன் மண்டேலா தம் வாழ்நாளின் முதல் வாக்கை இப்பள்ளியில்தான் அளித்தார். டூபேயின் கல்லறையும் அங்கேயே உள்ளது.

கேள்வி: அங்குள்ள தமிழர்கள் இன்னும் தமிழ் பேசுகிறார்களா? கோயில்கள் உண்டா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கோயில்கள் நிறைய உண்டு, வீட்டுப் பேச்சில் தமிழ் மிகவும் அருகிவிட்டது. இளையவர்களுக்கு ஆங்கிலமே தாய்மொழி ஆகிவிட்ட நிலையில், தேவாரமும் திருப்புகழும் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடப்படுவதைக் கேட்கலாம். உச்சரிப்பைக் குறை சொல்லாதீர்கள். நான்கைந்து தலைமுறையாக, பெரும்பாலும் அரசுப் பள்ளியின் ஆதரவின்றி, கோயில் சங்கங்களின் மாலை வகுப்புகளைக் கொண்டே காத்த மொழி அது. தென்னாப்பிரிக்க அரசமைப்புச் சட்டம், மதித்துப் போற்ற வேண்டிய சமூக மொழிகளுள் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

உம்கேனி சாலையிலுள்ள வைத்தியநாத ஈசுவரர் ஆலயம் நாட்டின் பழமையான கோயில்களுள் ஒன்று. தைப்பூசக் காவடி பெரும் விழா. மவுன்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மனுக்கு விடுமுறை நாளான புனித வெள்ளியன்று கூட்டம் திரளும். கேட்டோ மேனரையும் சென்று பாருங்கள். இந்தியர் வீடுகளும் தோட்டங்களுமாக இருந்த அப்பகுதி இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் வெள்ளையர் பகுதி என அறிவிக்கப்பட்டது. இந்தியர்கள் சாட்ஸ்வொர்த்துக்கும் ஆப்பிரிக்கர்கள் குவாமாஷுவுக்கும் பெயர்க்கப்பட்டார்கள். வீடுகள் இடிக்கப்பட்டுப் புதர் மண்டிய பின்னும் சில கோயில்கள் மட்டும் அங்கேயே நின்றன. விழா நாள்களில் மக்கள் தொலைவிலிருந்து வந்து கும்பிட்டுப் போனார்கள்.

கேள்வி: என் பாட்டனாரின் அண்ணன் நேட்டாலுக்குக் கப்பல் ஏறியதாக வீட்டில் சொல்வார்கள். அவரைப் பற்றி அறிய வழி உண்டா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: உண்டு. உங்கள் மாவட்டத்தை உள்ளடக்கிய அன்றைய வட ஆர்க்காட்டிலிருந்து மிகப் பலர் சென்றிருக்கிறார்கள். கப்பலில் ஏறிய ஒவ்வொருவருக்கும் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், உடல் அடையாளம், மாவட்டம், ஊர் ஆகியவற்றைக் கட்டம் கட்டமாக எழுதிய பட்டியல்கள் உள்ளன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுதுலி ஆவண மையத்தில் கேளுங்கள். டெர்பி தெருவிலுள்ள 1860 பாரம்பரிய மையத்திலும் உதவி கிடைக்கலாம்.

எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் பெரிதும் சிதைந்திருக்கும். முனுசாமி என்ற ஒரே பெயர் நான்கு விதமாக வரலாம். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் தந்தை பெயர், ஊர், தோராயமான ஆண்டு மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். வீட்டில் பழைய கடிதமோ மணியார்டர் துண்டோ இருந்தால் அதிலுள்ள தோட்டத்தின் பெயர் பெரிதும் துணைசெய்யும். ஆளைக் கண்டுபிடித்தவுடன் அவருக்குக் குடியேற்ற அலுவலகம் கொடுத்த வரிசை எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த முதலாளியிடம் சேர்ந்தார், மணமானதா, திரும்பினாரா என்பன போன்ற பிற பதிவுகளை அந்த எண்ணைக் கொண்டுதான் தேட வேண்டியிருக்கும்.