நூலகம், மியூசியம் எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது சரி, அதில் நம்மைப் போன்றவர்கள் செய்ய என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. நான் செய்வதைச் சொல்கிறேன்.

விக்கிப்பீடியா போலவே யாரும் பங்களிக்கக்கூடிய இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்க்கிறேன். தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையான நூல்கள் 2,000-க்கும் மேல் பொது உரிமையில் கொடுத்திருக்கிறது, அவற்றின் ஸ்கேன் பக்கங்கள் விக்கிமூலத்தில் இருக்கின்றன. எழுத்துகளைக் கணினி படித்துத் தந்துவிடும், ஆனால் பழைய அச்சில் தடுமாறும். துணைக்காலை (ா) 'ர' என்று எடுத்துக்கொண்டு 'பார்' என்பதைப் 'பரர்' ஆக்கிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் தும்பிக்கை தூக்கிய அந்தப் பழைய 'லை' வேறு வந்து நிற்கும். எனக்குச் சந்தேகம் வந்தால் அம்மாவிடம் போனை நீட்டுவேன், அவர் படித்ததே அந்த எழுத்தில்தானே, சட்டென்று சொல்லிவிடுவார். திருத்தி, மெய்ப்பு பார்த்தாயிற்று என்று குறித்துச் சேமித்தால், அதுவரை சிவப்புக் குறியோடு இருந்த பக்கம் மஞ்சளாகும். அப்புறம் முகம் தெரியாத யாரோ ஒருவர் வந்து, நான் கவனிக்காமல் விட்ட ஒரு 'க்'கைப் போட்டுப் பச்சையாக்கியிருப்பார். அதைப் பார்க்கிற சந்தோஷமே தனி! திருத்தாத வரை அந்தச் சொல்லைத் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படவே அகப்படாது, அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்திலும் பழைய செய்தித்தாள்களை வாசகர்கள்தான் வரி வரியாகத் திருத்துகிறார்கள்.

எழுத்து வேலை பிடிக்காதா, படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மெட் மியூசியம் 2017-இல் 3,75,000 படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அங்கே நம் சோழமண்டலக் கரையில் நெய்து, கையால் சாயமிட்டு, 18-ஆம் நூற்றாண்டில் கப்பலேறிப் போன துணிகள் இருக்கின்றன. ஆரி ஒர்க் செய்கிற என் தங்கை அதில் ஒரு பூவைப் பெரிதாக்கி, ட்ரேசிங் பேப்பரில் எடுத்து, ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் கையில் போட்டாள். கொடி வளைகிற இடத்தில் மூன்று விதச் சிவப்பு, அடுத்தடுத்து. அதே மூன்றையும் பட்டு நூலில் கொண்டுவர இரண்டு நாள் கடை கடையாக அலைந்தாள்.

மெட் தளத்தில் தேடும்போது 'ஓப்பன் ஆக்சஸ்' என்பதை டிக் செய்துகொள்ளுங்கள், அந்தக் குறி இல்லாத படத்தை எடுக்க வேண்டாம். விக்கிமூலத்துக்கு வந்தால் ஒரே ஒரு சிவப்புப் பக்கத்தில் தொடங்குங்கள், போனிலேயே முடியும்.